குறைக்க ஒன்றுமில்லாத ஓட்டுநர்

சமூக ஊடகத்தில் கழிக்கும் நேரம் மனிதனின் ஆயுளைக் குறைக்கிறதா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த வேளையில், அரசு அதற்கு ஒரு வாரியத்தை அமைத்துவிட்டது. விடை கிடைக்கும்வரை நாற்காலிகளைச் சும்மா போட்டு வைப்பானேன் என்ற நல்லெண்ணம்தான். திரைநேரக் குறைப்பு மற்றும் ஆயுள் பெருக்க வாரியம் என்று பெயர். முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் ஆயுளில் கொஞ்சம் போய்விடும் என்பதால் எல்லோரும் ‘வாரியம்’ என்றே சொன்னார்கள்.

வாரியம் பிறந்த சூட்டோடு ஓர் ஆணையும் பிறந்தது. அடுத்தவர் உயிரைக் கையில் வைத்து வேலை செய்கிறவர்கள் அனைவரும், தங்கள் ஆயுள் சரியாக இருக்கிறது என்று வாரியத்திடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அறுவை சிகிச்சை மருத்துவர், தீயணைப்பு வண்டிக்காரர் என்று நீண்டுகொண்டே போன அந்த வரிசையில் நகரப் பேருந்து ஓட்டுநரும் இருந்தார். அங்கேதான் நம் ஆள் மாட்டிக்கொண்டார்.

நம் ஆளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வாழ்க்கையில் அவருக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை. பேருந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். மணிக்கூண்டு முனையில் மற்ற ஓட்டுநர்கள் வண்டியை ஒருமுறை பின்னால் எடுத்து, ஜன்னலில் தலையை நீட்டி, யாரையாவது திட்டி, மறுபடி முன்னால் எடுத்துத் திருப்புவார்கள். இவர் ஒரே வீச்சில் ஒடித்துவிடுவார். அந்தத் திருப்பத்துக்காகத்தான் மனுஷன் காலையில் எழுந்து குளிக்கிறார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களோடு பேசிப் பேசி, கேள்வியையும் தானே கேட்டு பதிலையும் தானே சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. வீட்டில் குழப்பமே வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

சான்றிதழுக்கு மூன்று மாத அவகாசம் என்று டிப்போ மேலாளர் சொன்னார். தவறினால் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றல். பயணிகள் விட்டுப்போன குடைகளையும் ஒற்றைச் செருப்புகளையும் காவல் காக்கிற வேலை அது. ஓட்டுநரைவிட அவர் மனைவிதான் அதிகமாகப் பயந்தார். ஒருநாள் விடுப்பில் வீட்டில் இருந்தாலே சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “வா, வா, இன்னும் பின்னால வா, போதும்” என்று மனைவிக்கு வழிகாட்டுகிறவர் இவர். நிரந்தரமாக ஸ்டியரிங் இல்லாமல் போனால் என்னென்ன செய்வாரோ.

“போய் நின்னா குடுத்துடுவாங்க,” என்றார் மனைவி. “உங்ககிட்ட இருக்கறதே பட்டன் போன். அதுல ஆயுள் குறையணும்னா அதைத் தூக்கி யாராவது உங்க தலையில போடணும்.”

அந்தத் தைரியத்தில்தான் அவர் வாரியத்துக்குப் போனார்.

வாசலில் ‘தலை நிமிர்ந்து வாழ்வோம்’ என்று ஆளுயரச் சுவரொட்டி. அதன் கீழே, முழங்கால் உயரத்தில், போனைக் காட்டிப் படம் பிடிக்க வேண்டிய கறுப்பு வெள்ளை க்யூஆர் கட்டம். தலை நிமிர்ந்து வாழ்வது எப்படி என்று அறிய விரும்பியவர்கள் அங்கே வரிசையாகக் குனிந்து நின்றார்கள். டோக்கன் வாரியத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் மட்டுமே கிடைக்கும் என்று காவலாளி சொன்னார். ஓட்டுநர் தன் பட்டன் போனைக் காட்டினார். காவலாளி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு, தன் போனிலேயே டோக்கன் எடுத்துக் கொடுத்தார். நடுவில் வந்த நாலைந்து வீடியோக்களை அவர் பார்த்து முடிக்கும்வரை மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கவுன்ட்டரில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் மடியில் இருந்த போனிலும் விரல்கள் மேஜையில் இருந்த கணினியிலும் இருந்தன. காது மட்டும் ஓட்டுநருக்கு ஒதுக்கப்பட்டது.

“எவ்வளவு நேரம் குறைச்சிருக்கீங்கண்ணே?”

“நான் பாக்குறதே இல்லம்மா.”

“சரி, எவ்வளவு குறைச்சிருக்கீங்க?”

“பாக்காததை எப்படிம்மா குறைக்கறது?”

“அப்ப குறைப்பு ஒண்ணும் இல்லைன்னு போட்டுக்கறேன்.”

போட்டுக்கொண்டார். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு அவரைத் ‘திருந்தாதவர்’ என்ற பிரிவில் சேர்த்தது. அதே பிரிவில் சேர்க்கப்பட்ட ஓர் இளைஞன் பக்கத்தில் நின்றிருந்தான். சாப்பாடு, குளியல், உறக்கம் எதற்கும் போனைக் கீழே வைக்காதவன் என்பது பார்த்ததும் தெரிந்தது. அவன் ஓட்டுநரின் தோளைத் தட்டி, இந்த வயதிலும் இவ்வளவு உறுதியாக நிற்கிறீர்களே என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனான்.

ஓட்டுநர் துணை இயக்குநரின் அறைக்குப் போய் முறையிட்டார். துணை இயக்குநர் மென்மையாகப் பேசுகிறவர். ஒருவர் ஒரு மணி நேரம் குறைத்தால் அவர் ஆயுள் இத்தனை நாள் கூடுகிறது, நாட்டில் எல்லோரும் குறைத்ததைக் கூட்டி வாரியம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறது என்று ஒரு பலகையில் படம் போட்டு விளக்கினார். ஓட்டுநருக்குப் படம் புரிந்தது. தன் பாவம் என்ன என்பதுதான் புரியவில்லை.

“சார், நான் நல்லா இருக்கேன் சார்.”

“இருங்க. அது உங்க சொந்த விஷயம்,” என்றார் துணை இயக்குநர். “உங்களால வாரியத்துக்கு என்ன கூடுச்சு? அதைச் சொல்லுங்க.”

போன் பார்த்தால் ஆயுள் குறையும் என்று ஆராய்ச்சியில் தெரிந்துவிட்டதா என்று ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றார் துணை இயக்குநர். அதற்காகச் சான்றிதழை நிறுத்தி வைக்க முடியுமா? வாரியத்திலேயே ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தாராம். நேரத்தை மட்டும் அளந்து பயனில்லை, அந்த நேரத்தில் மனிதன் நடக்கிறானா, தூங்குகிறானா, யாரோடாவது மனம்விட்டுப் பேசுகிறானா, அதைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாராம். இப்போது கட்டடப் பராமரிப்பில் இருக்கிறார். குழாய்கள் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன.

கடைசியில் துணை இயக்குநரே வழியும் சொன்னார். இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். நல்ல போன் ஒன்று வாங்கி, வாரியத்தின் செயலியைப் போட்டு, இரண்டு மாதம் திரைநேரத்தை ஏற்ற வேண்டும். மூன்றாம் மாதம் அதைப் பாதியாக இறக்க வேண்டும். பலகையில் மலை மாதிரி ஒரு கோடு வரைந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று மாலை மனைவி இதைக் கேட்டுவிட்டு, சேமிப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு அவரோடு போன் கடைக்கு நடந்தார். போன் எதற்கு என்று வழியில் தானே கேட்டு, குறைக்கத்தான் என்று பதிலையும் தானே சொல்லிக்கொண்டார்.

ஏறத் தெரியாதவர்களுக்காக வாரியமே ‘ஆயத்த நிலைப் பயிற்சி’ நடத்தியது. சொற்பமான ஆட்கள். ஓட்டுநருக்கு அருகில் ஒரு தேனீ வளர்ப்பவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதற்குச் சான்றிதழ் என்று கேட்டதற்கு, தேனீக்களின் உயிர் அவர் கையில் இருப்பதாக வாரியம் கருதுகிறது என்று வருத்தத்தோடு சொன்னார். முதல் வீடியோ ஓடி முடிவதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை.

பயிற்றுநர் ஒரு சின்னப் பெண். பொறுமைசாலி. கட்டைவிரலுக்கு உடற்பயிற்சி சொல்லித் தந்தபின், ஓட்டுநர் பார்ப்பதைச் சற்று நேரம் கவனித்துவிட்டுத் திருத்தினாள்.

“அங்கிள், நீங்க ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் பாக்குறீங்க. அப்படிப் பாத்தா திருப்தி வந்துடும். திருப்தி வந்தா போனை வெச்சிடுவீங்க. பாதியிலயே தள்ளி விட்டுடணும். அப்பதான் தேடிக்கிட்டே இருப்பீங்க.”

கோபம் வருகிற மாதிரி எதையாவது எழுதினால் யாராவது பதில் போடுவார்கள், அந்த பதிலுக்குக் காத்திருப்பதில் நேரம் நன்றாகச் சேரும் என்றும் சொன்னாள். ஓட்டுநர் கேட்டுக்கொண்டார். எந்த வேலையைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர் அவர்.

முதல் சில நாள் பெரும் தொல்லையாக இருந்தது. பூனைகள் விழுந்தன, யாரோ ஆடினார்கள், யாரோ அழுதார்கள். வண்டி கிளம்பும் முன் கிடைக்கிற ஓய்வில் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஒருநாள், பெயர் தெரியாத ஏதோ ஒரு மலைப்பாதையில், ஒரு நீளமான பேருந்தைக் கொண்டையூசி வளைவில் திருப்பும் ஓட்டுநர் ஒருவர் திரையில் வந்தார். நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே மறுபடி குனிந்துகொண்டார். அடுத்ததும் பேருந்து. அதற்கடுத்ததும் பேருந்து. உலகத்தில் இத்தனை வளைவுகளும் இத்தனை பேருந்துகளும் இருப்பது தெரியாமலே பாதி வாழ்க்கை போய்விட்டதே என்று நினைத்தார்.

ஒன்றின் கீழே, ‘ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஒடிச்சிருக்கணும்’ என்று எழுதினார். அக்கறையோடுதான் எழுதினார். மின்னல்முயல் என்ற புனைபெயரில் ஒருவன், ‘உனக்கு சைக்கிளாவது ஓட்டத் தெரியுமா?’ என்று கேட்டான்.

அன்று தொடங்கியது. இவ்வளவு காலமும் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவரிடம் கேட்கிற கேள்வியா இது? இவர் பதில் போட்டார். அவன் சிரிக்கும் பொம்மைகளை அடுக்கினான். இவர் விளக்கினார். அவனுக்கு ஆள் சேர்ந்தது. இவருக்கும் எங்கிருந்தோ இரண்டு பேர் சேர்ந்தார்கள். சோற்றில் கை வைத்தபடியே சண்டை, பல் தேய்த்தபடியே சண்டை. வாரியத்தின் செயலி மட்டும் வாரம் தவறாமல் வாழ்த்து அனுப்பியது: ‘அருமையாக ஏறுகிறீர்கள். இதே ஊக்கத்தைத் தொடருங்கள்.’

“யாருங்க அந்த மின்னல்முயல்?” என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

“யாருக்குத் தெரியும்?”

“தெரியாதவனுக்கு நாள் முழுக்க பதில் சொல்றீங்க. தெரிஞ்சவ நான் ஒண்ணு கேட்டா ‘ம்’ங்கறீங்க. எங்க கிளினிக்ல வாயில பஞ்சோட இருக்கறவங்ககூட உங்களவிட நல்லாப் பேசறாங்க.”

“ம்,” என்றார் ஓட்டுநர்.

மூன்றாம் மாதம் வந்தது. இறங்க வேண்டிய மாதம். ஏறுவதற்குப் பயிற்சி நடத்திய வாரியம், இறங்குவதற்கு ‘மன உறுதியே மருந்து’ என்று ஒரு பதிவு மட்டும் போட்டிருந்தது. ஓட்டுநருக்கு அந்த உறுதி போதாததால், மனைவி தினமும் போனைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினார். ஓட்டுநர் அவர் பின்னாலேயே வாசல்வரை போய், ஒரே ஒரு பதில் மட்டும் போட்டுவிட்டுத் தருவதாகக் கெஞ்சினார். முயல் என்ன சொல்லியிருக்கிறானோ என்று பேருந்து ஓட்டும்போது உள்ளுக்குள் அரித்தது. எப்படியோ, மலையில் பாதி இறங்கினார். செயலி திருப்தியடைந்தது. சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு அழைப்பும் வந்தது.

விழாவில் இயக்குநர் பேசினார். அவர் பேச்சைப் பதிவுசெய்ய மூன்று பேரும், அதை அவர்கள் பதிவுசெய்வதைப் பதிவுசெய்ய ஒருவரும் மேடையில் இருந்தார்கள்.

“நண்பர்களே, இந்தப் பதவிக்கு வர்ற வரைக்கும் நான் போனைத் தொட்டதே கிடையாது,” என்று அவர் ஆரம்பித்தார். “இன்னைக்கு உங்க ஆயுளுக்காக என் ஆயுளையே அதுல போட்டிருக்கேன். காலையில கண்ணைத் திறந்ததும், ‘கண்ணைத் திறந்ததும் போனைப் பாக்காதீங்க’ன்னு ஒரு பதிவு போடறேன். அதை எத்தனை பேர் பாத்தாங்கன்னு பாத்து முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுது. அப்புறம், சாப்பிடும்போது போன் வேண்டாம்னு, சாப்பிட்டுக்கிட்டே ஒரு வீடியோ. என் மகன் பக்கத்து அறையிலதான் இருக்கான். என் பதிவுக்கு விருப்பம் போட்டான்னா, சரி, பையன் நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்.”

கைதட்ட யாருக்கும் கை ஒழியவில்லை. அரங்கமே கட்டைவிரலால் பாராட்டியது.

“வாரியம் இதுவரைக்கும் லட்சக்கணக்கான வருஷம் ஆயுளைச் சேமிச்சிருக்கு,” என்று தொடர்ந்தார். “அந்த ஆயுள் எங்க இருக்குன்னு சிலர் கேக்கறாங்க. வாரியத்துக்கிட்ட பத்திரமா இருக்கு. உரிய நேரத்துல உரியவங்களுக்கு வழங்கப்படும். சிலர் பொறாமையில, வாரிய ஊழியர்கள் எல்லாருக்கும் ஏன் கண்ணாடி, ஏன் முதுகு வலின்னு கேக்கறாங்க. ராணுவத்துல காயம் படாதா?”

ஓட்டுநரின் சான்றிதழில் அவர் ஆயுள் ஒரு வருடத்துக்கு மேல் கூடியிருப்பதாகத் தங்க எழுத்தில் போட்டிருந்தது. படம் எடுப்பவர் வலப்பக்கம் பார்க்கச் சொன்னார். ஓட்டுநர் உடம்போடு மொத்தமாகத் திரும்பினார். பணிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சான்றிதழை டிப்போவில் காட்டினார். அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கமான உடற்தகுதிச் சோதனைக்கு அனுப்பினார்கள். டிப்போ மருத்துவர் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். எழுத்துகள் நீச்சலடித்தன. வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி கழுத்தைத் திருப்பச் சொன்னார். கழுத்து பாதி வழியில் நின்றுகொண்டது.

“டாக்டர், போன வாரம்தான் எனக்கு ஆயுள் கூடியிருக்கு,” என்றார் ஓட்டுநர்.

“ஆயுளெல்லாம் நிறைய இருக்கு,” என்றார் மருத்துவர். “கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது.”

ஒரு மாதம் போனையே தொடக்கூடாது, கழுத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டும், மாலையில் நடக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். அதற்குள் தேறாவிட்டால் தொலைந்த பொருள் அறைதான் என்று மருத்துவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஓட்டுநருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வறண்டுபோன கண்ணுக்கு அதுவும் நல்லதுதான் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து செயலியின் விதிகளை மனைவி உரக்கப் படித்தபோதுதான் அடுத்த இடி விழுந்தது. சான்றிதழ் பெற்றவர் திடீரென்று முழுவதுமாகப் பார்ப்பதை நிறுத்தினால், அவரைக் ‘கண்காணிப்பிலிருந்து தப்பியவர்’ என்று கருதிச் சான்றிதழ் ரத்து செய்யப்படும். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். பார்த்தால் கழுத்து போகும். பார்க்காவிட்டால் சான்றிதழ் போகும். இரண்டில் எது போனாலும் ஸ்டியரிங் போகும்.

மறுநாள் அவர் போனையும் சான்றிதழையும் ஒப்படைத்துவிடுவதென்று வாரியத்துக்குப் போனார். கவுன்ட்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். இந்த முறை தலையைத் தூக்கி, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு குவியல் போன்கள் மினுங்கிக்கொண்டிருந்தன.

“இது தீயணைப்பு வண்டிக்காரரோடது. இது நர்ஸம்மாவோடது. இந்தக் கறுப்பு, பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனோடது. உங்களோடதையும் போட்டுட்டுப் போங்கண்ணே. நான் எப்படியும் பாத்துக்கிட்டேதானே இருக்கேன், எல்லாத்தையும் மாத்தி மாத்தித் தள்ளி விட்டுக்கறேன். வாரத்துக்குக் கொஞ்சமா இறக்கிடலாம்.”

“உங்களுக்குக் கழுத்து வலிக்காதாம்மா?”

“நான் என்ன பஸ்ஸா ஓட்டப் போறேன்?” என்றார் அவர். பின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்த சர்ஜன்தான் என் பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணப் போறாரு. அந்த நேரத்துல அவர் கண்ணு ரெண்டும் தெளிவா இருக்கணும்ல?” என்றார்.

ஓட்டுநர் போனை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும் முன், மின்னல்முயல் கடைசியாக என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க விரல் துடித்தது. அந்த அம்மா அதைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

அந்த மாதம் முழுக்க அவரும் மனைவியும் மாலையில் நடந்தார்கள். முதல் வாரம் மனைவி மட்டும் பேசினார். இரண்டாம் வாரத்தில் ஓட்டுநர் நடுநடுவே குறுக்கிட்டார். மாதக் கடைசியில், பேச்சுக் கொடுத்ததே தப்பாகப் போயிற்று என்று மனைவி சலித்துக்கொள்ளும் அளவுக்கு முன்னேறினார். எழுத்துப் பலகையில் எழுத்துகள் கரையேறி வரிசையாக நின்றன. கழுத்து இரண்டு பக்கமும் சுழன்றது. மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்ப ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் நாள் காலை. மணிக்கூண்டு முனை வந்தது. ஒரே வீச்சு. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கக் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

ரயில் நிலைய நிறுத்தத்தில் வாரிய ஊழியர்கள் மொத்தமாக ஏறினார்கள். ஏற்கெனவே சான்றிதழ் தந்தவர்கள் என்ற மரியாதையில் ஓட்டுநர் வணக்கம் சொன்னார். யாரும் பார்க்கவில்லை. இயக்குநரின் காலைப் பதிவை அலுவலகத்தில் நுழைவதற்குள் பார்த்து, விருப்பம் போட்டு, நான்கு வரி பாராட்டும் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. எழுதாதவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது. அலுவலகச் சாவியை வைத்திருந்த துணை இயக்குநர் பாராட்டில் மூன்றாவது வரியில் இருந்தார். கவுன்ட்டர் அம்மா மட்டும் வரவில்லை. அன்று மகளுக்கு அறுவை சிகிச்சை. போன்களையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு மருத்துவமனைக்கே எடுத்துப் போயிருந்தார்.

வாரிய நிறுத்தம் வந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரமாக ஒதுக்கி, கதவைத் திறந்தார்.

“வாரியம். வாரியம் இறங்கறவங்க இறங்கலாம்.”

ஒரு தலைகூட நிமிரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பின்பக்கம் திரும்பியும் பார்த்தார். இன்னொரு தடவை, சற்று உரக்கக் கூப்பிட்டார். வீடியோவின் சத்தம் கேட்கவில்லை என்று முன் இருக்கைக்காரர் அவரை அடக்கினார். பயணிகளை வற்புறுத்தி இறக்கிவிடுவது ஓட்டுநரின் வேலை அல்ல என்று விதிமுறையில் தெளிவாக இருக்கிறது. அவர் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

வண்டி கடைசி நிறுத்தத்தில் போய் நின்றபோது வாரியம் மொத்தமும் அதில் உட்கார்ந்திருந்தது. அன்று காலை அலுவலகக் கதவு திறக்கவில்லை. சான்றிதழுக்காக வரிசையில் நின்றவர்கள் வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். பிறகு தங்களுக்குள் பேச்சுக் கொடுத்துப் பழகிக்கொண்டு, சேர்ந்து நடந்தே வீடு திரும்பினார்கள். நாட்டு மக்களின் ஆயுளுக்கு அதனால் எந்தக் குறையும் வந்ததாக இதுவரை தகவல் இல்லை.